கோணவழிக் கட்சி

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் விடியற்காலைக் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்றதும், பெண்கள் பெட்டிக்குள் முதலில் நுழைந்தது கடப்பாரைதான். அதற்குப் பின்னால்தான் செங்கொடி ஏறினாள். பழைய கோணியால் சுற்றி, நைலான் கயிறு கட்டி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாலும் கடப்பாரை கடப்பாரையாகத்தான் தெரிந்தது. கூடைகளை ஓரமாக அடுக்கிவிட்டுத் தரையில் குந்தியிருந்த மீன்காரம்மாக்கள் காலை மடக்கி இடம்விட்டார்கள். அவர்களில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி கோணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெயமையும் அதுவுமா எவன் வூட்ட இடிக்கப் போறே?"

"இடிக்கலக்கா. வயி போடப் போறோம்."

"எங்க?"

"மலைல."

"மலைலயா?" அவள் பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டினாள். "கேட்டியாடி? நம்ம தெருவுல போட்ட ரோடு பல்ல இளிச்சிகினு கீது. இவுங்க மலைக்கு ரோடு போடறாங்களாம். யாரும்மா நடக்கப் போறா அதுல?"

செங்கொடிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் அவள். தண்டையார்பேட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார்ப் பிரிவு. போன் செத்துப்போச்சு, கொரகொரங்குது, பக்கத்து வூட்டுக்காரன் பேசறது கேக்குது என்று பகல் முழுக்க யாராவது கத்துவார்கள். அவள் நிதானமாகப் பதில் சொல்வாள். இப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதால் அந்தக் கத்தலும் குறைந்துகொண்டு வந்தது. "நாங்கதான்க்கா நடப்போம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

அவளை இந்த வம்பில் இழுத்துவிட்டது அவளோடு வேலை பார்க்கும் ஜெரினா. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் நடந்தால் அடிக்கு ஒரு தெரிந்த முகம். நின்று பேசியே பொழுது போய்விடுகிறது, சர்க்கரை இறங்குவதாயில்லை. அப்போதுதான் திருவொற்றியூரில் மலை கிளப் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்கள். கேரம் ஆடவும் பந்து ஆடவும் சங்கம் வைத்திருக்கிற ஊரில், மலையே இல்லாத ஊரில், மலை ஏறவும் ஒரு சங்கம். நடத்துகிறவர் பரசுராமன் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலை மட்டும் இன்னும் கழற்றவில்லை. "தனியாப் போனா என் வூட்டுக்காரரு உட மாட்டாருடி, நீயும் வா" என்று ஜெரினா கெஞ்சியதற்காகத்தான் செங்கொடி முதல்முறை போனாள்.

ஆந்திர எல்லை ஓரத்தில் இருந்தது அந்த மலை. அடிவாரத்துத் தெலுங்குக்காரர்கள் கொங்ககொண்டா என்றார்கள். கிளப்காரர்கள் கொக்குமலை என்று ஆக்கிக்கொண்டார்கள். பெரிய மலையொன்றும் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வயது வரை செங்கொடி ஏறியதில் உயரமானது ஹவுசிங் போர்டு மொட்டை மாடிதான். மூச்சு இரைக்க, வேர்வை கண்ணில் இறங்க, பாறைகளைப் பிடித்துப் பிடித்து உச்சிக்கு வந்து நிமிர்ந்தபோது, கிழக்கே பழவேற்காட்டு ஏரி தகடு மாதிரி மின்னியது. அதற்கும் அப்பால் கடல். தெற்கே தூரத்தில் எண்ணூர்ப் புகைபோக்கிகள் தீக்குச்சிகள் போல நின்றன. அந்தப் புகைக்கு அடியில்தான் தன் வீடும் ஆபீசும் தம்பியும் தம்பி குடும்பமும் எல்லாம் இருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தால் எல்லாம் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு நடையையும் அவள் தவறவிட்டதில்லை.

சிக்கல் எல்லாம் சறுக்கில்தான். மலையின் பாதி உயரத்தில் சரளையும் செம்மண்ணுமாக ஒரு சரிவு. ஏறும்போது இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் இழுக்கும். இறங்கும்போது எல்லாரும் உட்கார்ந்த வாக்கில் சறுக்கித்தான் வருவார்கள். ஜெரினாவின் இரண்டு சல்வார் அங்கே கிழிந்தது. ஒரு பெரியவருக்குக் கால் பிசகி, நாலு பேர் தூக்கி வந்தார்கள். பரசுராமன் மாஸ்டர் வனத்துறை ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கிவிட்டார்: சிமெண்டு கூடாது, மரம் வெட்டக் கூடாது, மலையில் கிடக்கும் கல்லை வைத்து வழி அமைத்துக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு நடை, மற்ற ஞாயிறெல்லாம் வேலை என்று ஆடி மாதத்தில் ஆரம்பித்தார்கள்.

முதல் நாளே சண்டை வந்தது. சண்டை போட்டவர் இக்னேஷியஸ்.

ராயபுரத்துக்காரர். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு இருக்கும். நெற்றி ஏறிய தலை, டீசல் போகாத நகக்கண், உரத்த குரல். சறுக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நேரா படி கட்டுவோம் மாஸ்டர். தடதடன்னு ஏறிப் போய்கினே இருக்கலாம்" என்றார்.

"நேரா கட்டினா நிக்காது" என்றாள் செங்கொடி. தான் பேசப்போவது அவளுக்கே தெரியாது. "வளைச்சு வளைச்சு கொண்டுபோணும்."

"ஏன் மேடம்? கண்ணுக்கு எதிர்ல கீற எடத்துக்கு எதுக்கு சுத்திகினு போணும்? கடல்லயே அலைக்கு நேராத்தான் படகு உடுவோம். வளைச்சா கவுந்துடும்."

"மய பேஞ்சா தண்ணியும் நேராத்தான் சார் எறங்கும். நீங்க கட்டற படி தண்ணி எறங்கறதுக்குத்தான் சவுரியம். நான் வியாசர்பாடி. தண்ணி எந்தப் பக்கம் வரும்னு எனக்கா சொல்லித் தர்றீங்க?"

கூட்டம் ஓவென்று கத்தியது. வடசென்னையில் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு அணி பிரியாமல் இருக்குமா? அரை மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் மாஸ்டர் விசிலை ஊதினார். "கீழ்ப்பாதி இக்னேஷியஸ் சொல்றபடி. மேல்பாதி செங்கொடி சொல்றபடி. ஐப்பசி மழை தீர்ப்புச் சொல்லட்டும். தோத்த பார்ட்டி எல்லாருக்கும் பிரியாணி."

அப்படித்தான் கொக்குமலையில் நேர்வழிக் கட்சியும் கோணவழிக் கட்சியும் உண்டாயின. ஜெரினா வெட்கமில்லாமல் எதிர்க்கட்சிக்குப் போனாள். "எனக்கு மூட்டு வலிடி. சுத்தி நடக்கறதுக்கெல்லாம் தெம்பு இல்ல." ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரும் வேன் அடிவாரத்தில் நின்றதும் இரண்டு கட்சியும் மண்வெட்டிக்கும் இரும்புச் சட்டிக்கும் அடித்துக்கொண்டு ஓடும். கீழே படி ஒவ்வொன்று அமைந்ததும் இக்னேஷியஸ் அதன்மேல் ஏறி நின்று, மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். "மேடம், நாங்க வந்துகினே கீறோம். நீங்க எங்க, இன்னும் மொத வளைவுலயே சுத்திகினு கீறீங்களா?" செங்கொடி மேலிருந்து, "மெதுவா வாங்க சார், மய வர்ற வரைக்கும்தான உங்க ஆட்டம்" என்பாள். ஆபீசில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள், வீட்டில் தம்பி மனைவியிடம்கூட ஒரு சொல் கடுமையாகப் பேசாதவள், ஞாயிற்றுக்கிழமைகளில் மலை எதிரொலிக்கக் கத்தினாள். கத்துவது இத்தனை நன்றாக இருக்கும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஒருநாள் மூன்றாவது வளைவின் முனைக்கு ஒரு பெரிய கல் தேவைப்பட்டது. கல் இருந்தது, கொஞ்சம் மேலே, பாதி மண்ணில் புதைந்து. கோணவழிக் கட்சி மொத்தமும் தோள் கொடுத்தும் அசையவில்லை. கீழிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இக்னேஷியஸ், படகில் வலை இழுக்கும் கயிறும் கப்பியும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எதிர்க்கட்சிக்கு ஒத்தாசை பண்ணக்கூடாதுன்னு ரூலு கீதா மாஸ்டர்?"

கயிற்றை வேப்பமரத்தில் ஒரு சுற்று போட்டு, கல்லைக் கட்டி, மெல்ல மெல்ல விட்டார். செங்கொடி கடப்பாரையால் அடியில் நெம்பினாள். "உடு... உடு... நிறுத்து... இப்போ ஒரு நெம்பு!" கல் ஒரு முறை உருண்டு, தயங்கி, வெட்டி வைத்திருந்த பள்ளத்தில் தொம்மென்று உட்கார்ந்தது. காலடி மண் அதிர்ந்தது. இரண்டு கட்சியும் கை தட்டியது. செங்கொடியின் உள்ளங்கையில் தோல் உரிந்து எரிந்தது. அவர் தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்து ஊற்றினார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். இருவரும் புதிதாக உட்கார்ந்த கல்லின்மேல் உட்கார்ந்தார்கள்.

"ஜெசிந்தா போயி எட்டு வருஷமாவுது" என்றார், அவள் கேட்காமலே. "எங்க வூட்டம்மா. கொயந்தை இல்ல. வூட்ல பேச்சுக் குடுக்க ஆளு கெடையாது. இஞ்சின் கூடத்தான் பேச்சு. அதுவும் ரிப்பேரானாத்தான் சத்தம் குடுக்கும்."

"எனக்கும் அப்டித்தான்" என்றாள் செங்கொடி. "கெட்டுப்போன போனுங்களோடதான் பேச்சு."

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். ஜெரினா மட்டும் பார்க்காத மாதிரி தயிர்சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

முப்பது தாண்டியதும் செங்கொடிக்கு வரன்கள் வருவது நின்றது. முப்பத்தைந்து தாண்டியதும் ஏன் வரவில்லை என்று கேட்கிறவர்களும் நின்றார்கள். அது ஒரு விடுதலையாகத்தான் இருந்தது. மில்லில் கொடி பிடித்த அப்பா வைத்த பெயர். அவர் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, ரயில்வே யார்டில் வேலைக்கு அனுப்பி, மகிழினியைக் கட்டிவைத்து, அவர்கள் பெண்ணுக்குப் பல் முளைப்பதையும் பார்த்தாயிற்று. இனி என்ன என்ற கேள்வியை அவள் மடித்து வைத்திருந்தாள், இனிமேல் கட்டப்போவதில்லை என்று நினைக்கிற புடவையைப் போல. இப்போது சனிக்கிழமை இரவுகளில் அது தானாக விரிந்தது. நாளைக்கு அவர் என்ன சொல்லுவார், அதற்கு என்ன திருப்பிச் சொல்லலாம் என்று படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷத்து மழை வானம் ஓட்டையானது போலக் கொட்டியது. தண்டவாளம் முழுகி ரயில் நின்றது, மலை வேலை நின்றது. கேபிளில் எல்லாம் தண்ணீர் இறங்கி, எக்ஸ்சேஞ்சில் பழைய நாட்கள் போல மறுபடி புகார் குவிந்தது. காதில் ரிசீவரை வைத்து, "கட்டாயம் சரிபண்ணிடுவோம் சார்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பாள். மூன்றாவது வளைவு நிற்குமா? அவருடைய படிகள் என்னவாகியிருக்கும்? இடிந்துபோகட்டும் என்று தோன்றியது. இடியக்கூடாது என்றும் தோன்றியது.

மழை விட்டு ஒரு மாலை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி தம்பி அன்பரசன் கேட்டான். "எக்கா, வர்ற ஞாயித்துக்கெயம நானும் வரட்டா?"

"நீ எதுக்குடா?"

"சும்மாதான். மலைய பாக்கலாம்னு."

மகிழினி ரசக் கிண்ணத்துக்குள் பார்த்துச் சிரித்தாள். மலையிலிருந்து திரும்பும் ரயிலில் செங்கொடியும் இக்னேஷியஸும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்ததை அவளுடைய சித்தி பையன் பார்த்திருக்கிறான். பார்த்ததற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். செங்கொடிக்குக் காது சூடாயிற்று. முதலில் கோபம் வந்தது. பிறகு வந்தது பயம். அவர் ஒன்றும் சொன்னதில்லையே. சண்டைதானே போடுகிறார். எல்லாரிடமும்தான் உரக்கப் பேசுகிறார். இவன் போய்க் கேட்டு, அவர் திடுக்கிட்டு, "ஐயோ, நான் அப்டியெல்லாம் நெனைக்கலியே தம்பி" என்று சொல்லிவிட்டால்? அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை அந்த ரயிலில் ஏறுவது? மனுஷன் இல்லாமல் இருந்து பழகியாகிவிட்டது. மலை இல்லாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். "ஷூ போட்டுகினு வா. வயுக்கும்" என்றுதான் வந்தது.

கொக்குமலை அடையாளம் தெரியாமல் பச்சையாகியிருந்தது. பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் சொட்டியது. வேனிலிருந்து இறங்கியதும் வழக்கமாக ஓடுகிறவர்கள் அன்று ஓடவில்லை. பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவர்கள் மாதிரி ஒன்றாக நடந்தார்கள். அன்பரசன் கடைசியில் வந்தான். யார்டு வேலை போகக் குத்துச்சண்டையும் கற்றுக்கொடுக்கிறவன் என்பதால் உடம்பு விறைப்பாக, முகம் ஒன்றும் காட்டாமல், ஆனால் கண் மட்டும் ஒரு நெற்றி ஏறிய தலையைவிட்டு அகலாமல்.

சறுக்கின் அடியில் எல்லாரும் நின்றார்கள். நேர்வழிக் கட்சியின் படிகள் இருந்த இடத்தில் ஓர் ஓடை இருந்தது. ஆள் முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்து, கற்கள் எல்லாம் கீழே புதருக்குள் உருண்டு கிடந்தன. ஒரு படிகூட மிச்சமில்லை. மேலே பார்த்தால் வளைவுகள் மூன்றும் அப்படியே, புல் முளைத்து, நூறு வருஷமாக அங்கேயே இருப்பவை போல நின்றன; இரண்டாவது வளைவில் மட்டும் ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தது.

"யா அல்லா!" என்றாள் ஜெரினா. "நான் தூக்கின கல்லு எல்லாம் எங்கடி?"

கோணவழிக் கட்சி ஆரவாரம் செய்தது. யாரோ இரும்புச் சட்டியைத் தட்டிக் குத்தாட்டம் போட்டார்கள். பிரியாணி எந்தக் கடையில் என்பது வரை பேச்சு போயிற்று. செங்கொடி அவரைப் பார்த்தாள். தோற்றவர் முகம் தொங்கியிருக்கும் என்று நினைத்து, என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். இக்னேஷியஸ் இடுப்பில் கை வைத்து அந்த ஓடையைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

சரிந்த ஓரத்தைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டதும், அன்பரசன் முன்னால் வந்து, "நான் போறேன் மாஸ்டர். இந்த அண்ணனும் வரட்டும்" என்றான். செங்கொடி வேறு வழியில்லாமல் மூன்றாவது வளைவுக்கு ஏறிப் போய், தேவையே இல்லாத களையைப் பிடுங்க ஆரம்பித்தாள். வளைந்து வளைந்து போகும் வழியில் ஒரு விஷயம் இருக்கிறது. நடந்தால் தூரம், ஆனால் கீழ் வளைவு மேல் வளைவுக்கு நேர் அடியில்தான் இருக்கிறது. பேசுவது காதுக்குள் பேசுவது போலக் கேட்கும்.

கல் வைக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தம்பியின் குரல்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மெரைன் இஞ்சினு பாக்கறவரு நீங்க. தண்ணி எப்டி ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா? எதுக்கு நேராத்தான் போணும்னு அப்டி ஒரு புடிவாதம்?"

ஒரு கல் தட்டப்பட்டது.

"தெரியும் தம்பி" என்றது உரத்த குரல், முதல்முறையாகத் தணிந்து. "அவுங்க சொன்ன மொத நாளே தெரியும். அவுங்க சொன்னதுதான் கரெக்டு."

"அப்புறம்?"

"ஒத்துகினா சண்டை முடிஞ்சிடும்ல."

செங்கொடி கையிலிருந்த களையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேரிலிருந்து ஈர மண் புடவையில் உதிர்ந்தது. கீழே அன்பரசன் வெடித்துச் சிரித்தான். அப்பாவின் சிரிப்பு அது, அவன் சிரித்து அவள் வெகுநாளாகக் கேட்காதது. "அட இன்னாண்ணே நீ... அதுக்காகவா இவ்ளோ கல்ல ஏத்தின!"

அவள் எழுந்து வளைவின் விளிம்புக்கு வந்து நின்றாள். இரண்டு முகங்களும் அண்ணாந்தன. இக்னேஷியஸின் கையிலிருந்த கல் நழுவி அவர் கால்மேலேயே விழுந்தது. வலித்ததாகக்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"ஜெரினா வெயில்ல கல்லு தூக்கினாளே, அதுக்கு இன்னா சொல்லப் போறீங்க?" என்றாள். குரல் கோபமாக வரவேண்டும் என்றுதான் முயன்றாள்.

"நானும்தான தூக்கினேன்" என்றார் அவர், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

"இன்னாது?" கீழிருந்து ஜெரினாவின் குரல் வந்தது. "இன்னா, இன்னா? எனக்குக் கேக்கல. யாராவது சொல்லுங்களேன்!" அன்பரசன் குனிந்து சொன்னான். அடுத்த நொடி ஒரு கைப்பிடி சேறு பறந்து வந்து இக்னேஷியஸின் முதுகில் அப்பியது. அதைத் தொடர்ந்து நேர்வழிக் கட்சி மொத்தமும் சேறு எடுத்தது. அவர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கையைக்கூடத் தடுக்கத் தூக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கினார்.

சிரிப்பு அடங்கியதும் செங்கொடி இறங்கி வந்தாள். எல்லாரும் அவளையே பார்ப்பது தெரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"கீய்ப்பாதிய மறுபடி போடணும்" என்றாள். "வளைச்சு. வெயில் ஏர்றதுக்குள்ள கோடு போட்டுடலாம். வாங்க."

விளையாட்டு மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை மாஸ்டர் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார். இக்னேஷியஸ் சேற்று முதுகோடு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். செங்கொடி தகர டப்பாவில் அள்ளி அள்ளிக் கோடு இழுத்துக்கொண்டே சரிவின் குறுக்கே நடந்தாள். ஈரச் செம்மண்ணில் வெள்ளைக் கோடு மெல்ல ஏறியது. அவள் நின்ற இடத்தில் அவரும் நின்றார். டப்பாவை நீட்டினால் நிரப்பினார். ஒரு பாறைக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க வளைக்கலாமா?"

அவர் பாறையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நேரா போலாமே மேடம்."

"எதுக்கு? இங்கதான் வளையணும்."

"அந்தச் செடி வரைக்கும் போயி வளைச்சா இன்னா கொறைஞ்சிடும்?"

"அங்க மண்ணு லூசா கீது, தெரியல உங்களுக்கு?"

"தெரியுது. ஆனாலும் பாருங்க..."

கீழே ஜெரினா தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அன்பரசன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டினான். கிழக்கிலிருந்து ஏரிக்காற்று ஏறி வந்து, டப்பா விளிம்பிலிருந்த தூளைக் கிளப்பி இருவர் கால்மேலும் படியவைத்தது. இன்னும் எந்தப் பக்கமும் திரும்பாத கோட்டின் நுனியில், வெள்ளைப் பாதங்களோடு அவர்கள் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள்.